கருப்புத் திரையில் மவுஸ்: வலக்கைக்கும் இடக்கைக்கும்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில். அங்கே எடை மேடைக் கணக்கு ஓடுகிற கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப் என்று எதுவும் கிடையாது. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம், கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். பெட்டி பழசு, நினைவகம் 1 ஜிபி. அதில் ஜன்னல், ஐகான் எல்லாம் ஏற்றினால் ஒரு சீட்டு வருவதற்குள் லாரி டிரைவர் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார். அங்கே கணக்கு எழுதும் அக்கா ஒருநாள் போனில் கேட்டார்: "தம்பி, மவுஸ் மாட்டியிருக்கு, அடியில லைட்டு எரியுது, ஒண்ணும் நகர மாட்டேங்குதே?"

அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், நேரில் போய்ச் செய்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அவர் இடக்கைக்காரர் என்பது போனபிறகுதான் தெரிந்தது. அதனால் வேலை கொஞ்சம் கூடியது.

மவுஸ் என்றுதான் எழுதப்போகிறேன். சுட்டி நல்ல சொல்தான். ஆனால் மில்லில் போய் "சுட்டி எங்கே?" என்று கேட்டால் முதலாளியின் பேரனைக் கூட்டிவந்து நிறுத்துவார்கள்.

ஏன் நகரவில்லை?

மவுஸை மாட்டியதுமே கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதைக் கண்டுகொள்கிறது. கையால் நகர்த்தினால் தகவலும் உள்ளே வந்து சேர்கிறது. ஆனால் எழுத்துத் திரையில் அந்தத் தகவலை வாங்கி, திரையில் ஒரு குறியாக நகர்த்திக் காட்ட ஆள் இல்லை. மேட்டூர் திறந்தாகிவிட்டது, வெண்ணாற்றில் தண்ணீரும் வந்துவிட்டது, வாய்க்கால் மதகைத் தூக்க வேண்டிய லஸ்கர்தான் வரவில்லை. கதை அவ்வளவுதான்.

அந்த லஸ்கர் வேலையைப் பின்னணியில் இருந்து பார்க்கிற நிரலை டீமன் என்பார்கள். லினக்ஸில் அதன் பெயர் ஜிபிஎம், அலெஸ்ஸாண்ட்ரோ ரூபினி 1990களில் எழுதியது. லினக்ஸ் போலவே வேறோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் மவுஸ்டி. அதன் உறவுகளான ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி இரண்டிலும் டபிள்யூஎஸ்மவுஸ்டி.

இதை வைத்து ஐகானைத் தட்டலாம், கோப்பை இழுத்துப் போடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். கருப்புத் திரையில் மவுஸுக்கு உண்மையில் ஒரே பெரிய வேலை: ஓரிடத்தில் தெரிகிற எழுத்தை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டுவது. கேட்க அற்பமாக இருக்கும். புது ஹார்டு டிஸ்க்கைச் சேர்க்கும்போது அதன் யுயுஐடியை, அதாவது 36 குறிகள் கொண்ட அடையாள எண்ணை, பார்த்துப் பார்த்துத் தட்டி ஒரே ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டு, மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் முழுதாக எழும்பாமல் நின்றால்தான் அருமை தெரியும்.

கட்டளைகளைப் படிக்கிற முறை

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் "பெரிய" என்று சொல்வேன். மற்றதெல்லாம் சின்ன எழுத்து. இது முக்கியம், ஏனென்றால் இந்த நிரல்களில் சின்ன எழுத்துக்கு ஓர் அர்த்தம், பெரிய எழுத்துக்கு வேறு அர்த்தம். "மைனஸ்" என்றால் நடுவில் போடும் சின்னக் கோடு.

தமிழில் சொன்னால் இரண்டு "டி"யும் ஒன்றுபோலவே கேட்கும், இரண்டு "பி"யும் அப்படித்தான். போனில் நான் சொல்லிப் பழகிய முறை இது: தஞ்சாவூர் டி, டெல்டா டி. பாபநாசம் பி, பூதலூர் பி. ரயில் நிலையப் பலகையில் இந்த ஊர்களின் முதல் ஆங்கில எழுத்து என்னவோ அதுதான். டெல்டா மட்டும் ஊர் இல்லை, நம் காவிரி டெல்டா. இதுவரை யாரும் குழம்பவில்லை.

முதலில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்

எதையும் நிறுவுவதற்கு முன் மவுஸிலிருந்து தகவல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

லினக்ஸில் எல்லா மவுஸ்களின் தகவலும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற இடம் ஒன்று உண்டு: /டெவ்/இன்புட்/மைஸ். கடைசிச் சொல் எம்-ஐ-சி-இ. "சுடோ கேட்" என்று தட்டி (சுடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று அர்த்தம்), இடம் விட்டு இந்தப் பாதையைக் கொடுத்து என்டர் அடியுங்கள். இப்போது மவுஸை நகர்த்தினால் திரையில் கன்னாபின்னாவென்று குறிகள் கொட்டும். கொட்டினால் நல்லது, தகவல் வருகிறது. கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள். சில நேரம் அந்தக் குப்பை திரையின் எழுத்துருவையே மாற்றிவிடும், அதன்பின் நீங்கள் தட்டுவதெல்லாம் கோடும் கட்டமுமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். தெரிகிறதோ இல்லையோ, "ரீசெட்" என்று தட்டி என்டர் அடித்தால் சரியாகிவிடும்.

ஒன்றுமே கொட்டவில்லை என்றால் கோளாறு மென்பொருளில் இல்லை. எல்-எஸ்-யு-எஸ்-பி என்ற கட்டளையைக் கொடுத்து, பட்டியலில் மவுஸ் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வேறு துளையில் மாட்டுங்கள். மில்லில் யுஎஸ்பி துளைக்குள் உமித்தூசி அடைத்திருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். வட்டமான பச்சை முனையுள்ள பழைய பிஎஸ்2 மவுஸ் என்றால், கம்ப்யூட்டர் ஓடும்போது பிடுங்கி மாட்டக் கூடாது. அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இன்னொன்று. அந்த அக்காவின் மேசையில் கண்ணாடி போட்டு, அடியில் சாமி படமும் பேருந்து நேர அட்டையும் வைத்திருந்தார். அடியில் லைட் எரிகிற சாதாரண மவுஸ் கண்ணாடி மேல் ஒழுங்காக ஓடாது. பழைய தினசரி காலண்டர் அட்டையை மவுஸுக்கு அடியில் வைத்தோம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

ஜிபிஎம் நிறுவுதல்

டெபியனிலும் உபுண்டுவிலும் "சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிபிஎம்" போதும். ஜி-பி-எம், நடுவில் பாபநாசம் பி. நிறுவி முடித்ததும் தானே ஓட ஆரம்பித்துவிடும். மவுஸை அசைத்தால் எழுத்து அளவில் ஒரு சின்னக் கட்டம் திரையில் நகரும். அம்புக்குறி எல்லாம் இல்லை, கட்டம்தான்.

நகர்ந்தால் பலருக்கு வேலை முடிந்தது. அடுத்த பகுதியைத் தாண்டி, ஒட்டுவது பற்றிய இடத்துக்குப் போகலாம். நகரவில்லை, தாறுமாறாக ஓடுகிறது, அல்லது கை மாற வேண்டும் என்பவர்கள் தொடருங்கள்.

கையால் ஓட்டிப் பாருங்கள், பிறகு கோப்பில் எழுதுங்கள்

என் ஒரே பிடிவாதம் இதுதான். அமைவுக் கோப்பைத் திறந்து ஒன்றை மாற்றி, சேவையைத் திரும்பத் தொடக்கி, சரியில்லை என்று இன்னொன்றை மாற்றி என்று போனால், எது எதைக் கெடுத்தது என்று கடைசியில் தெரியாது. சேவையை நிறுத்திவிட்டு, ஆப்ஷன்களை நேரடியாகக் கட்டளையில் கொடுத்துப் பாருங்கள். பிடித்த அமைவு கிடைத்தபின் கோப்பில் ஏற்றலாம்.

நிறுத்த: "சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் ஜிபிஎம்". இதில் சி-டி-எல் என்பதில் வருவது தஞ்சாவூர் டி. கையால் தொடங்க: "சுடோ ஜிபிஎம்", இடம், "மைனஸ் எம்", இடம், மேலே சொன்ன பாதை, இடம், "மைனஸ் தஞ்சாவூர் டி", இடம், "இ-எக்ஸ்-பி-எஸ்-2", அதில் பாபநாசம் பி. கையால் தொடங்கியதை நிறுத்த "சுடோ ஜிபிஎம் மைனஸ் கே", கும்பகோணம் கே.

மைனஸ் எம் எந்தச் சாதனம் என்று சொல்கிறது. மைனஸ் தஞ்சாவூர் டி அந்தச் சாதனம் எந்த மொழியில் பேசுகிறது என்று சொல்கிறது. புதியவர்கள் தடுக்கி விழுவது இந்த இரண்டாவதில்தான். சக்கரம் இல்லாத பழைய பிஎஸ்2 மவுஸ் ஓர் அசைவுக்கு 3 பைட் அனுப்பும், சக்கரம் உள்ளது 4 பைட் அனுப்பும். 4 பைட்டாக வருவதை 3 பைட்டாகப் பிரித்துப் படித்தால் ஒவ்வொரு அசைவும் தப்பாகவே புரிந்துகொள்ளப்படும். நீங்கள் இடப்பக்கம் நகர்த்துவீர்கள், கட்டம் வரப்பில் கால்பட்ட நண்டுபோல மூலைக்கு ஓடும். போகிற வழியில் தானே பொத்தானை அழுத்தியதாக நினைத்துக்கொண்டு எதையாவது ஒட்டியும் வைக்கும். இப்படி நடந்தால் மவுஸ் கெட்டுவிட்டது என்று புதிது வாங்க ஓடாதீர்கள். மொழிதான் தப்பு. /டெவ்/இன்புட்/மைஸ் என்ற பாதைக்கு இ-எக்ஸ்-பி-எஸ்-2 அல்லது ஐ-எம்-பி-எஸ்-2 இரண்டில் ஒன்று சரியாக வரும். வேறு என்னென்ன உண்டு என்று பார்க்க, மொழியின் பெயர் வருகிற இடத்தில் "ஹெல்ப்" என்று கொடுத்தால் முழுப் பட்டியலும் காட்டும்.

அடுத்து பொத்தான் வரிசை. "மைனஸ் பெரிய பூதலூர் பி", இடம், மூன்று எண். 123 என்றால் சாதாரண வரிசை. 321 என்றால் இடமும் வலமும் இடம் மாறும், நடுப் பொத்தான் அப்படியே இருக்கும். இடக்கைக்காரரின் ஆள்காட்டி விரல் மவுஸின் வலப் பொத்தான்மேல்தான் உட்காரும். அந்த விரலுக்குத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொடுப்பதுதான் 321. அக்கா இருபது வருடமாக இடக்கையில் பேனா பிடிப்பவர், மவுஸுக்கு மட்டும் வலக்கையைப் பழக்கியிருந்தார். மாற்றிக் கொடுத்ததும் ஒரு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா மணிக்கட்டு வலிக்கு எண்ணெய் வாங்கின காசு மிச்சம்" என்றார்.

வேகம். "மைனஸ் ஆர்" கொடுத்து ஓர் எண் போட்டால் கட்டம் எவ்வளவு சுறுசுறுப்பாக நகர வேண்டும் என்று அர்த்தம். எண் கூடினால் வேகம் கூடும். சொல்லாமல் விட்டால் 10. பழைய 80 பத்தி, 25 வரித் திரைக்கு அது போதும். ஆனால் இன்றைய 1920க்கு 1080 திரையில் 8க்கு 16 எழுத்துரு ஓடினால் குறுக்கே 240 எழுத்து, கீழே 67 வரி. அதில் 10 என்பது மாட்டுவண்டி. 20, 25 என்று ஏற்றிப் பாருங்கள். "மைனஸ் ஏ" வேறு வகை: மெதுவாக நகர்த்தும்போது ஒன்றும் செய்யாது, சட்டென்று இழுத்தால் மட்டும் அத்தனை மடங்கு தூரம் போகும். எவ்வளவு இழுத்தால் "சட்டென்று" என்ற எல்லை "மைனஸ் டெல்டா டி"யில் இருக்கிறது. புதியவர்கள் ஆர் ஒன்றை மட்டும் தொட்டால் போதும் என்பது என் கருத்து. மூன்றையும் ஒன்றாகத் திருகினால் எது என்ன செய்தது என்று பிடிபடாது.

இரட்டைத் தட்டு வேலை செய்யவில்லை என்று வயதானவர்கள் சொன்னால் "மைனஸ் ஐ". இரண்டு தட்டுகளுக்கு நடுவே எத்தனை மில்லிநொடி வரை பொறுக்கலாம் என்பது அது. வழக்கமாக 250. 400 என்று வைத்தால் நிதானமான விரலுக்கும் சரிப்படும்.

எல்லாம் பிடித்துப் போனதா? சரி, இப்போது கோப்பு. டெபியனில் /இடிசி/ஜிபிஎம் டாட் கான்ஃப், அதாவது இ-டி-சி அடைவுக்குள், தஞ்சாவூர் டி. அதில் "டிவைஸ்" என்ற வரியில் பாதை, "டைப்" என்ற வரியில் மொழி, "ரெஸ்பான்சிவ்னெஸ்" என்ற வரியில் வேக எண். மற்ற ஆப்ஷன்கள் எல்லாம் "அப்பெண்ட்" என்ற வரியில், ஒற்றை மேற்கோளுக்குள், கட்டளையில் தட்டியது போலவே. சேமித்து, கையால் தொடங்கியதைக் கொன்றுவிட்டு, "சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் ஜிபிஎம்". வேறு லினக்ஸ் வகைகளில் கோப்பு வேறிடத்தில் இருக்கலாம். "சிஸ்டம்சிடிஎல் கேட் ஜிபிஎம்" என்றால் அந்தச் சேவை எப்படித் தொடங்கப்படுகிறது என்று அச்சடித்துக் காட்டும், அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

எடுப்பதும் ஒட்டுவதும்

இடப் பொத்தானை அழுத்தியபடி இழுத்தால் எழுத்துகள் நிறம் மாறும். விட்டதும் நகல் எடுத்தாகிவிட்டது, தனியாக நகல் கட்டளை கிடையாது. நடுப் பொத்தானை அழுத்தினால் ஒட்டும். சக்கரம் உள்ள மவுஸில் சக்கரத்தையே அழுத்துவதுதான் நடுப் பொத்தான். வலப் பொத்தான் ஏற்கெனவே எடுத்த பகுதியை நீட்டும். இரண்டே பொத்தான் உள்ள மவுஸில் வலப் பொத்தானே ஒட்டும். நடுப் பொத்தான் செத்துப்போன மூன்று பொத்தான் மவுஸ் என்றால் "மைனஸ் 2" கொடுத்து, அதை இரண்டு பொத்தான் மவுஸாகவே நினைத்துக்கொள்ளச் சொல்லலாம். இருமுறை தட்டினால் ஒரு சொல், மும்முறை தட்டினால் முழு வரி.

அந்த யுயுஐடி வேலையையே செய்து பார்ப்போம். முதல் கன்சோலில், அதாவது இப்போது நீங்கள் இருக்கிற எழுத்துத் திரையில், "சுடோ பிஎல்கேஐடி" கொடுங்கள்: பூதலூர் பி, எல், கே, ஐ, டெல்டா டி. டிஸ்க்குகளும் அவற்றின் எண்களும் வரும். வேண்டிய எண்ணின் முதல் எழுத்தில் அழுத்தி, கடைசி எழுத்துவரை இழுத்து விடுங்கள். மேற்கோள் குறி சேரக் கூடாது. இப்போது ஆல்ட்டும் எஃப்2வும் அழுத்தினால் இரண்டாவது கன்சோல். அங்கே உள்நுழைந்து, எந்த டிஸ்க் எங்கே சேர வேண்டும் என்ற பட்டியலான /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பை நானோ என்ற எழுத்துத் திருத்தியில் (சுடோ கொடுத்து) திறந்து, வேண்டிய இடத்துக்குக் கர்சரைக் கொண்டுபோய், நடுப் பொத்தான். வந்து விழும். எடுத்தது ஒரு கன்சோல், ஒட்டியது இன்னொன்று. எடுத்துவைத்த எழுத்து எல்லாக் கன்சோல்களுக்கும் பொது.

இங்கே எல்லாரும் ஒருமுறை தப்பு செய்வார்கள்: மவுஸ் கட்டம் இருக்கிற இடத்தில் ஒட்டும் என்று நினைப்பார்கள். இல்லை. கர்சர் எங்கே சிமிட்டுகிறதோ அங்கேதான் ஒட்டும். நீங்களே தட்டினால் எங்கே விழுமோ அங்கே.

விம் என்ற திருத்தியைப் பயன்படுத்துபவர்கள் முதலில் ஐ அழுத்தி எழுதும் நிலைக்கு வந்துவிட்டு ஒட்டுங்கள். இல்லையென்றால் ஒட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது கட்டளையாக எடுத்துக்கொண்டு கூத்தாடும். கோப்புகளைப் பட்டியலிட்டுக் கையாளும் மிட்நைட் கமாண்டர் போன்ற நிரல்கள் மவுஸைத் தாங்களே வாங்கிக்கொள்ளும், அதில் கோப்புப் பெயரைத் தட்டித் தேர்ந்தெடுக்கலாம். அவற்றுக்குள் இருக்கும்போது எழுத்தை நகல் எடுக்க வேண்டுமா, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுங்கள்.

சக்கரத்தைச் சுற்றினால் பழைய வரிகள் மேலே ஓடி வரும் என்று தேடாதீர்கள். ஷிஃப்ட்டும் பேஜ்அப்பும் அழுத்தி மேலே போகிற பழைய வசதியையே 2020இல் வந்த 5.9 கெர்னலில் எடுத்துவிட்டார்கள். நீளமான வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் "லெஸ்" வழியாகப் பாருங்கள்.

லாரி மேடையில் நிற்கும்போது நடந்தது

வரியை மும்முறை தட்டி எடுத்தால் அதன் கடைசியில் என்டரும் சேர்ந்தே வரும். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவில்லை.

குறுவை அறுவடை நேரம், மேடையில் நெல் லாரி, வெளியே இன்னும் நான்கு வண்டி. நான் இரண்டாவது கன்சோலில் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக, இருந்தேன். என் குறிப்புக் கோப்பில் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்திருந்தேன், அடுத்தடுத்த வரிகள். ஒன்றை எடுக்கப் போய் அதற்குக் கீழ்வரியை மும்முறை தட்டிவிட்டேன். அது "பவர்ஆஃப்". ஒட்டியதும் நான் எதையும் அழுத்தாமலே திரை இருண்டது. வண்டியை இறக்கி, திரும்ப ஏற்றி எடை போட்டார்கள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வரவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஷெல்லில், அதாவது கட்டளை தட்டுகிற இடத்தில், எதை ஒட்டினாலும் முதலில் ஹேஷ் குறியைத் தட்டிவிட்டுத்தான் ஒட்டுவேன். பேஷ் ஷெல்லில் ஹேஷுக்குப் பின்னால் வருவது வெறும் குறிப்பு. என்டர் சேர்ந்து வந்தாலும் ஒன்றும் ஓடாது. வந்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்டு, மேல் அம்பை அழுத்தி அதைத் திரும்பக் கொண்டுவந்து, ஹேஷை நீக்கி என்டர். மற்றொன்று, முழு வரியைத் தட்டி எடுக்காமல், வேண்டியதை மட்டும் இழுத்து எடுப்பது.

பலர் மாறிமாறி உட்காரும் கம்ப்யூட்டரில் இன்னொரு கவனம் வேண்டும். ஒருவர் எடுத்துவைத்தது அவர் வெளியேறிய பின்னும் அங்கேயே கிடக்கும். அடுத்து வருபவர் நடுப் பொத்தானைத் தொட்டால் அது அவர் பெயரில் வந்து விழும். ஜிபிஎம்மில் "மைனஸ் பெரிய ஏ" என்றொரு ஆப்ஷன் உண்டு. அதோடு இடம் விடாமல் ஒட்டி ஓர் எண்ணை எழுதினால், எடுத்தது அத்தனை நொடிக்குத்தான் செல்லும். 60 என்று வைத்திருக்கிறேன். எண்ணுக்கு முன்னால் இடம் விட்டுவிடாதீர்கள்.

ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு

இங்கே டீமன் மவுஸ்டி: மவுஸ் என்ற ஆங்கிலச் சொல், கடைசியில் டெல்டா டி. நீடாமங்கலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மூணாறு தலைப்பில் வெண்ணாறு வந்து பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று பிரிகிறதல்லவா? மவுஸ்டி உண்மையான மவுஸிலிருந்து தகவலை வாங்கி, கன்சோல் இயக்கியிடம் கொடுக்கிறது. அங்கிருந்து கன்சோலுக்கும் போகும், /டெவ்/சிஸ்மவுஸ் என்ற பொதுவான வாசல் வழியாகப் படத்திரைக்கும் போகும். ஆளாளுக்கு மவுஸையே நேராகத் திறந்து சண்டை போட வேண்டியதில்லை.

யுஎஸ்பி மவுஸை மாட்டினால் பெரும்பாலும் தானே தொடங்கிவிடும். பிஎஸ்2 மவுஸ் என்றால் "சிஸ்ஆர்சி மவுஸ்டி_எனேபிள்=எஸ்" என்று ரூட்டாகக் கொடுங்கள். கடைசிச் சொல் ஆங்கிலத்தில் ஆம் என்பதற்கான மூன்றெழுத்து, பெரிய எழுத்தில். பிறகு "சர்வீஸ் மவுஸ்டி ஸ்டார்ட்". பிஎஸ்2 மவுஸின் பாதை /டெவ்/பிஎஸ்எம்0, யுஎஸ்பியின் முதல் மவுஸ் /டெவ்/யுஎம்எஸ்0. டீமன் ஓடுகிறது, குறி மட்டும் தெரியவில்லை என்றால் "விட்கன்ட்ரோல் மைனஸ் எம் ஆன்".

பொத்தான் மாற்றுவது இங்கே வேறு மாதிரி. "மைனஸ் எம் 1=3", இடம், "மைனஸ் எம் 3=1". சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது செய்ய வேண்டிய வேலை, வலப்பக்கம் இருப்பது உங்கள் விரல் அழுத்துகிற உண்மையான பொத்தான். இடம் வலம் மாற்றும்போது இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டாலும் விளைவு ஒன்றே என்பதால் பலருக்குத் தப்பு தெரிவதில்லை. வலப் பொத்தானால் ஒட்ட வேண்டும் என்று வரும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு 2=3, 3=2 அல்ல. இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் நடுப் பொத்தான் என்று வைக்க "மைனஸ் 3". வேகத்துக்கு "மைனஸ் ஏ": 1க்கு மேல் போனால் வேகம், கீழே வந்தால் நிதானம். 1.5 நல்ல தொடக்கம்.

இங்கேயும் அதே பிடிவாதம்தான்: "சர்வீஸ் மவுஸ்டி ஸ்டாப்", பிறகு "மவுஸ்டி மைனஸ் பாபநாசம் பி" என்று பாதையைக் கொடுத்து ஆப்ஷன்களோடு கையால் ஓட்டிப் பாருங்கள். பிடித்தபின் "மவுஸ்டி_ஃப்ளாக்ஸ்" என்ற பெயரில் ஆர்சி டாட் கான்ஃப் கோப்பில் ஏற்றுங்கள். இந்த நிரலின் ஆப்ஷன்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும் என்பதால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே "மேன் மவுஸ்டி" ஒருமுறை படித்துவிடுங்கள். எடுப்பதும் ஒட்டுவதும் மேலே சொன்னபடியே. ஸ்க்ரோல் லாக் சாவி இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை அழுத்திவிட்டுப் பழைய வரிகளுக்கு மேலே போகலாம்.

ஓப்பன்பிஎஸ்டியில் "ஆர்சிசிடிஎல் எனேபிள் டபிள்யூஎஸ்மவுஸ்டி", பிறகு அதே வரியில் எனேபிளுக்குப் பதில் ஸ்டார்ட். வேலை முடிந்தது.

தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைபவர்களுக்கு இதில் எதுவுமே பொருந்தாது. அப்போது மவுஸ் உங்கள் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டருடையது. நகல் எடுப்பதும் ஒட்டுவதும் அங்கே ஓடும் டெர்மினல் நிரலின் பொறுப்பு.

மீண்டும் மில்லுக்கு. ஜிபிஎம்மின் பொத்தான் வரிசை ஆளுக்கு ஒன்று என்று கிடையாது, கம்ப்யூட்டருக்கு ஒன்று. சம்பா அறுவடைக்கு ராத்திரி ஷிஃப்ட் போட்டபோது வலக்கைக்காரத் தம்பி ஒருவர் வந்தார். காலையில் அக்கா, ராத்திரி அவர். முதல் வாரம் இரண்டு பேரும் மாறிமாறி எனக்குப் போன் செய்தார்கள். கடைசியில் இரண்டு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவைத்தேன். இரண்டும் முதலில் சேவையை நிறுத்தும், கையால் தொடங்கியது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் கொல்லும். பிறகு ஒன்று 321 வரிசையோடும், மற்றது 123 வரிசையோடும் ஜிபிஎம்மைத் தொடங்கும். ஒன்றின் பெயர் "இட", மற்றதன் பெயர் "வல", ஆங்கில எழுத்தில்தான். கருப்புத் திரையில் தமிழ் ஒழுங்காக வராது. லினக்ஸ் கன்சோல் எழுத்துருவுக்குள் அதிகபட்சம் 512 வடிவம்தான், கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்கவும் அதற்குத் தெரியாது. அதனால் மானிட்டர் ஓரத்தில் நெல் மூட்டைக்கு ஒட்டும் சீட்டில் இரண்டு பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறது. தமிழில், அக்காவின் இடக்கை எழுத்தில்.